இரண்டு தந்தியும் இரண்டு துண்டும்

என் போன் அடித்தால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. சினிமாப் பாட்டோ சாமிப் பாட்டோ அதில் வராது. பிடில் மாதிரி ஒன்றில் யாரோ தனியாக உட்கார்ந்து மெல்ல இழுக்கும் ராகம் வரும். “இன்னா சார், உங்க போன் அழுவுது, எடுத்து சமாதானம் பண்ணுங்க” என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். நான் உடனே எடுக்கமாட்டேன். பக்கத்தில் நிற்பவர் யாராவது அது என்ன பாட்டு என்று கேட்கவேண்டும். “சீனாவுல எனக்காக ஒருத்தர் வாசிச்சது” என்று நான் சொல்லவேண்டும். அந்த ஒரு பதிலுக்காகவே போனைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கவிடுவேன்.

இப்போது என் போன் சத்தமில்லாமல் கிடக்கிறது. கேட்பவர்களிடம் ஸ்பீக்கர் போய்விட்டது என்கிறேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் தியாகதுருகத்துக்காரன். கள்ளக்குறிச்சி போகிற வழியில் ஒரு அரிசி ஆலையில் மேனேஜராக இருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சீக்கிரம் வரும். ஆனால் நல்ல வாசிப்பைக் கேட்டால் அங்கேயே கரைந்துபோவேன். சங்கீதம் படித்தவன் இல்லை. ராகத்தின் பெயர் கேட்டால் முழிப்பேன். எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழாவில் நாயனக்காரர் ஓர் இடத்தைப் பிரமாதமாக வாசித்துவிட்டால், கூத்தில் வேஷக்காரர் ஒரு விருத்தத்தை உருகிப் பாடிவிட்டால், கேட்டுக்கொண்டிருப்பவன் அந்த நிமிஷமே எழுந்து போய் அவர் தோளில் ஒரு புதுத் துண்டைப் போடவேண்டும். எல்லாம் முடிந்த பிறகு போட்டால் அது கூலியோடு சேர்ந்த துண்டாகிவிடும், பாட்டுக்குப் போட்டதாகாது. அந்த நேரத்தில் துண்டு வாங்கக் கடைக்கு ஓடமுடியாது என்பதால் என் பையில் எப்போதும் இரண்டு புதுத் துண்டுகள் மடித்தபடி இருக்கும். பளிச்சென்ற வெள்ளை, ஓரத்தில் நூல் மாதிரி ஒரு பச்சைக் கரை. ஊரில் எனக்குத் துண்டு மேனேஜர் என்றே பெயர். கேலிதான், ஆனால் எனக்கு அது பிடிக்கும்.

முதலாளி சீனாவிலிருந்து ஒரு மெஷின் வாங்கினார். அரிசியிலிருந்து கறுப்பு அரிசியையும் கல்லையும் கேமரா கண்ணால் பார்த்துக் காற்றடித்துத் தள்ளுகிற மெஷின். அதை ஓட்டிப் பழக ஆலையிலிருந்து இரண்டு பேர் பத்து நாள் வரலாம் என்று விற்ற கம்பெனி சொன்னது. நானும் எங்கள் எலக்ட்ரீஷியனும் போனோம். அவர் களமருதூர்க்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று இருவரும் ஆளுக்கொரு மளிகைக் கடையைச் சுமந்துகொண்டு விமானம் ஏறினோம். என் பையில் வழக்கம்போல இரண்டு துண்டுகளும் இருந்தன.

கிழக்குச் சீனாவில் பெரிய நகரம் அது. அதன் பெயரை நான் எப்படிச் சொன்னாலும் அங்கிருப்பவர்கள் சிரித்தார்கள். பகலில் கம்பெனியில் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண் மொழிபெயர்த்துச் சொல்வாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டால் அதோடு எங்கள் வாயும் காதும் அடைத்துக்கொள்ளும். எங்கள் போனில் அங்கே நெட்டும் வேலை செய்யவில்லை. தண்ணீர் கேட்டால் கொதிக்கிற வெந்நீர் தந்தார்கள். சோற்றுக்குக் கையைக் குவித்துக் காட்டினால் நூடுல்ஸ் தந்தார்கள்.

தங்கியிருந்த விடுதிக்கு எதிரே ஒரு பூங்கா. கிளைகளைத் தண்ணீர் வரை தொங்கவிட்டு அழுதுவழிகிற மரங்கள் சுற்றி நிற்கும் ஒரு குளம், குளத்தோரம் ஓட்டுக்கூரை போட்ட ஒரு மண்டபம். இரண்டாம் நாள் சாயங்காலம் அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது.

“இன்னாங்க மேனேஜர் இது, எண்ண போடாத கதவு மாரி கீச்சுகினு கெடக்குது” என்றார் அண்ணே.

எனக்கும் முதலில் அப்படித்தான் கேட்டது. எட்டிப் பார்த்தோம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். சின்னப் படி அளவுக்கு ஒரு மரப்பெட்டி, அதன் முகத்தில் பாம்புத் தோல், மேலே நீளமாக ஒரு கொம்பு, அதில் இரண்டே இரண்டு தந்திகள். வில் தந்திகளுக்கு மேலே ஓடவில்லை, இரண்டுக்கும் நடுவில் புகுந்து ஓடியது. அதன் பெயர் எர்ஹு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சுற்றிலும் அவர் வயதுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சிலர் பேசிக்கொண்டும் சிலர் சீட்டாடிக்கொண்டும் பாதிக் காதில் கேட்டார்கள்.

முழுக் காதில் கேட்டவர் ஒருவர்தான். வாசிப்பவருக்கு வலப்பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவருடைய மனைவி. தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி, மடியில் ஒரு போர்வை. ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது போலிருந்தது, வாயும் லேசாகக் கோணியிருந்தது. நல்ல கையின் ஆள்காட்டி விரல் மட்டும் நாற்காலியின் கைப்பிடியில் தட்டிக்கொண்டே இருந்தது. பாட்டு நடக்கும்வரை அந்த விரலும் நடந்தது.

நான் போய் எதிரே இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாம் கேட்கிற வேகத்துக்கு அந்த இசை வருவதில்லை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து அதையே தேய்த்துத் தேய்த்து, விட்டுவிட்டாரோ என்று நினைக்கும்போது அடுத்ததற்குப் போகிறார். பத்து நிமிஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகு எப்போது எரிச்சல் போனது என்று தெரியவில்லை. ஓர் இடத்தில் அந்த இரண்டு தந்தியும் யாரோ தொண்டை அடைத்துக்கொண்டு பேச வருவது போல இழைந்தன. என் கண் நிறைந்துவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிறைந்துவிட்டது. அண்ணே என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா, வூட்டு ஞாபகமா?” என்றார். வீட்டு ஞாபகம் இல்லை. அது என்னவென்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். நாலாவது நாள் எனக்கென்று பெஞ்சில் ஓர் இடம் வைத்திருந்தார்கள். நான் தமிழில் பேசுவேன், அவர்கள் சீனத்தில் பேசுவார்கள். “இன்னைக்கு மெஷின்ல ஒரே தகராறுங்க” என்று நான் சொன்னால் வாசிப்பவர் பெரிதாகத் தலையாட்டி நீளமாக ஏதோ பதில் சொல்வார். அது மழையைப் பற்றியும் இருக்கலாம், அவர் முட்டி வலியைப் பற்றியும் இருக்கலாம். அந்த அம்மா தன் பிளாஸ்க்கைக் கண்ணால் காட்டுவார், அவர் எடுத்து எனக்கு வெந்நீர் ஊற்றுவார். சூரியகாந்தி விதை தருவார்கள். அதை அவர்கள் பல்லிடுக்கில் வைத்துத் தோலைத் தனியாகத் துப்புகிற லாகவம் எனக்கு வரவில்லை. தோலோடு மென்று விழுங்கினேன். அதைப் பார்த்து அந்த அம்மா ஒருபக்கமாகச் சிரித்தார்.

அந்த அம்மாவோடுதான் எனக்கு நெருக்கம் என்று சொல்லவேண்டும். பாட்டு கேட்டால் எனக்குத் தொடையில் தாளம் போடாமல் இருக்கமுடியாது. அந்தப் பாட்டு நம் தாளத்துக்குள் உட்காரவில்லை. நான் தட்டுகிற இடத்துக்கு ராகம் வந்துசேராது, எப்போதும் நான் முந்திக்கொள்வேன். ஐந்தாம் நாள் நான் அப்படி முந்தியபோது அந்த அம்மாவின் விரல் தட்டுவதை நிறுத்தி மேலே எழுந்தது. பொறு என்று அர்த்தம். நான் பொறுத்தேன். ராகம் நிதானமாக வந்து இறங்கியது. விரலும் இறங்கியது, என் கையும் இறங்கியது. வாசித்துக்கொண்டிருந்தவர் அதைக் கவனித்துக் கண்ணை மூடிச் சிரித்தார். அதன்பிறகு தினமும் அதுதான் எங்கள் மூவருக்கும் விளையாட்டு. அவர் வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடிப்பார், நான் அவசரப்படுவேன், விரல் எழும். ஒருவர் மொழி ஒருவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாமல் அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் அதற்கு முன் இருந்ததில்லை, பின்பும் இருக்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் பையோடு போனேன். மறுநாள் காலை விமானம். கையை விமானம் மாதிரி மேலே கொண்டுபோய்க் காட்டினேன், புரிந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். அன்று வாசித்தது போல அதற்கு முன்னால் அவர் வாசிக்கவில்லை. ஓர் இடம் வந்தது. திருவிழாவாக இருந்தால் கூட்டமே எழுந்திருக்கும். நான் எழுந்தேன். அண்ணேயிடம் போனைக் கொடுத்து, “வீடியோ படம் புடிங்கண்ணே, விடாதீங்க” என்றேன்.

முதல் துண்டை உதறி அவர் தோளில் போட்டேன். தம்பதியாக இருந்தால் ஒருவருக்கு மட்டும் மரியாதை செய்வது முறையில்லை. இரண்டாவது துண்டை விரித்து அந்த அம்மாவின் தோளைச் சுற்றிப் போர்த்தி, மார்பில் சரிந்ததை இழுத்து நன்றாக மூடிவிட்டுக் கைகூப்பி நின்றேன்.

வாசிப்பு நின்றது. சீட்டாடியவர்கள் திரும்பினார்கள். ஓர் அம்மாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து வேகமாக ஏதோ பேசிக் கையை வீசினார். எனக்கு அதெல்லாம் நெகிழ்ச்சியாகத் தெரிந்தது. இப்படி ஒரு மரியாதையை அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். வாசித்தவர் எழுந்தார். மனைவியின் தோளிலிருந்து துண்டை மெதுவாக எடுத்தார், தன் தோளில் இருந்ததையும் எடுத்தார், இரண்டையும் மடித்துத் தன் நாற்காலிக்குக் கீழே வைத்தார். கை துடைக்க எடுக்காமல் பொக்கிஷம் போல வைக்கிறார் என்று நான் பூரித்தேன். பிறகு நாற்காலியை அந்த அம்மாவின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு வார்த்தை பேசினார். வாசிக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பதில் மரியாதை செய்கிறார் என்று நினைத்தேன். அதுவரை கேட்காத பாட்டு அது. எளிமையானது, தொட்டில் ஆட்டுவது போல முன்னும் பின்னும் போகிற பாட்டு. முடியும்வரை கைகூப்பியபடி நின்று கேட்டு, முடிந்ததும் குனிந்து வணங்கிவிட்டுக் கிளம்பினேன். யாரும் எழுந்து வழியனுப்ப வரவில்லை. பிரிவு அவர்களுக்குத் தாங்கவில்லை என்று அண்ணேயிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மனைவிக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் பாட்டைக் கேட்கவில்லை. துண்டு போர்த்துகிற இடம் வந்ததும் போனை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள்.

“இன்னாங்க இது, புருசன் இருக்கிற கட்டுக்கழுத்திக்கு யாராச்சும் வெள்ளத் துண்டப் போத்துவாங்களா? அதுவும் ஒடம்பு முடியாம ஒக்காந்துகினு இருக்கிற பொம்பளைக்கு? இங்க அப்பிடிச் செய்வீங்களா?”

“அது சீனா. அங்க அதெல்லாம் கெடையாது. உனக்கு இன்னா தெரியும்?” என்று எரிந்து விழுந்தேன்.

அவள் போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் ஒரு கடையில் கொடுத்து அந்தக் கடைசிப் பாட்டை ரிங்டோனாக வெட்டி வாங்கினேன். துண்டோடு அவர்கள் இருவரும் நடுவில் நானும் இருக்கும் காட்சியைப் படமாக எடுத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போதுகூட, கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அடுத்த வருஷம் மெஷினைச் சரிபார்க்க அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், அதே நகரத்துக்காரர். நல்ல மனிதர். இரண்டே நாளில் “நல்லா இருக்கு”, “காரம் கம்மி” இரண்டையும் கற்றுக்கொண்டு எங்கள் சமையல்காரரை வசப்படுத்திவிட்டார். ஆலையில் என் போன் அடித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தார். தன் ஊர் வாத்தியம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. வாத்தியத்தின் பெயரை எனக்குச் சொன்னவர் அவர்தான். எப்படிக் கிடைத்தது என்று சைகையில் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் காட்டுகிறேன் என்று நானும் சைகையில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் ஜீப்பை எடுத்துக்கொண்டு அவரைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது அவர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே வந்தார். வழியில் பலாப்பழம் விற்றார்கள், நிறுத்தச் சொல்லி வாங்கிப் பிசின் ஒட்டிய கையோடு ஒரு பாதியைத் தின்றார். பெரியார் அருவியில் அப்போது தண்ணீர் சுமாராக விழுந்துகொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்து ஒரு பாறையில் உட்கார்ந்தோம். இதுதான் சமயம் என்று போனை எடுத்துப் படத்தை ஓடவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் பார்க்க ஆரம்பித்தார். பூங்காவைக் கண்டதும் தனக்குத் தெரிந்த இடம் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான் முதல் துண்டைப் போட்டதும் சிரிப்பு நின்றது. இரண்டாவது துண்டைப் போட்டதும் ஐயோ என்பது போல ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. முழுவதையும் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, அருவியைப் பார்த்தார்.

“இன்னாங்க, இன்னா ஆச்சு?” என்றேன். அவர் தன் போனை எடுத்து ஏதோ எழுதி, மொழிபெயர்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். மலையில் சிக்னல் இல்லை, திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. படத்தில் இருந்த துண்டைத் தொட்டுக் காட்டினார், வேண்டாம் என்று கையாட்டினார். என்னால் அதற்கு மேல் எதுவும் புரிந்துகொள்ள முடியவில்லை. வெள்ளிமலையில் சாப்பிடுவதாக இருந்தோம். பசி இல்லை என்று இருவரும் வயிற்றைத் தொட்டுச் சொல்லிக்கொண்டு திரும்பினோம். அந்த வளைவுகளில் ஜீப்பை இறக்கிக்கொண்டு வரும்போது என் மனைவி சொன்ன வார்த்தை கூடவே வந்தது. சிக்னல் வரவேண்டும் என்றும் இருந்தது, வரக்கூடாது என்றும் இருந்தது.

கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தியதும் அவர் போன் கிணுகிணுத்தது. மெஷின் தமிழில் இப்படி இருந்தது: “வெள்ளைத் துணி இறந்த வீட்டில் அணிவது. துண்டு, சாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பது. நோயாளிப் பாட்டிக்கு அதைப் போர்த்துவது மிகவும் கெட்டது. நீங்கள் அறியவில்லை. உங்கள் இதயம் நல்லது.”

கடைசி வரியைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. அவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். எனக்குத்தான் உண்மை தெரியுமே. எங்கள் ஊரில் மட்டும் என்ன? அதே மாதிரி புதுத் துணியைத்தான் செத்தவர் மேல் கோடி என்று போடுகிறோம். கட்டுக்கழுத்திக்கு மரியாதை செய்யவேண்டுமென்றால் சேலை வைப்போம், இல்லையென்றால் ரவிக்கைத் துணியாவது வைப்போம், வெள்ளைத் துண்டை அவள் கிட்டேயே கொண்டுபோகமாட்டோம். தியாகதுருகத்தில் ஒரு நாயனக்காரரின் நோயாளி மனைவிக்கு நான் அதைச் செய்திருப்பேனா? கையில் இரண்டு துண்டு இருந்தது, எதிரே இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான் நான் யோசித்தது. வெளியூர்க்காரர்கள்தானே, எதைப் போட்டால் என்ன என்கிற அலட்சியம் அது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. தெரிந்ததை அங்கே நினைக்காமல் விட்டேன்.

டீ ஆறிக்கொண்டிருக்க, படத்தை மறுபடியும் ஓடவிட்டேன். நூறு தடவையாவது பார்த்திருப்பேன், அன்றுதான் அந்த விரல் கண்ணில் பட்டது. கடைசிப் பாட்டு முழுவதும் அது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அசையாமல் இருந்தது. ஒரு தட்டுக்கூட இல்லை. வாசிப்பவர் என் பக்கம் ஒருமுறையும் பார்க்கவில்லை. நான் ஓரமாகக் கைகூப்பிக்கொண்டு கோயில் வாசல் பொம்மை மாதிரி நிற்கிறேன்.

டெக்னீஷியன் மறுபடியும் எழுதிக் காட்டினார். “நான் ஊர் திரும்பியதும் பூங்காவுக்குப் போகிறேன். தாத்தாவிடம் உங்கள் பழக்கத்தைச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேன். சரியா?”

சரி என்று தலையாட்ட வேண்டிய இடம் அது. இவ்வளவு சுலபமாக யார் வந்து கேட்பார்கள்? ஆனால் எனக்குச் சட்டென்று ஒரு பயம். அவர் போய்ப் பார்க்கும்போது அந்தச் சக்கர நாற்காலி அங்கே இல்லையென்றால்? துண்டு போட்டதனால் யாரும் சாகமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால்? அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நான் எப்படி இருப்பது? “வேண்டாங்க” என்றேன். கையையும் ஆட்டினேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் முக்காலியைப் போட்டு ஏறி, கூடத்திலிருந்த படத்தைக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றிப் பீரோ மேல் வைத்தாள். “அந்தம்மா எப்பிடி இருக்காங்களோ, பாவம்” என்று மட்டும் சொன்னாள். நான் போனின் சத்தத்தை அணைத்தேன். பாட்டை அழிக்க மனம் வரவில்லை.

துண்டு போட்டது ஒரு நிமிஷத் தப்பு. வேண்டாம் என்று சொன்னது அப்படியில்லை. அதை நான் தினமும் செய்துகொண்டிருந்தேன். டெக்னீஷியனின் மெயில் முகவரி என் மேஜையில் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. எழுத உட்காருவேன், லோடு வந்துவிட்டது என்று எழுந்துவிடுவேன். அறுவடை வந்தது, ஆலை இரவும் பகலும் ஓடியது, எனக்கு அது நல்ல சாக்காகிவிட்டது. பொங்கலும் போனது. ஒருநாள் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணத்தில் நாயனம் உருக்கமாக வந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர், “இன்னா மேனேஜர், துண்டு எங்க?” என்று இடித்தார். பை வெறுமையாக இருந்தது. மலையிலிருந்து வந்த நாளிலிருந்தே நான் துண்டு வைத்துக்கொள்வதில்லை. நாயனக்காரர் ஒருமுறை என் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் பந்திக்கும் உட்காராமல் வீட்டுக்கு வந்து மெயில் எழுதினேன். தெரிந்த இங்கிலீஷில், தயவுசெய்து போய்ப் பாருங்கள், நான் சொன்னதாக மன்னிப்புக் கேளுங்கள் என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு சாயங்காலம் போய் விசாரித்தாராம். வாசித்தவர் இப்போது வருவதில்லை என்கிறார்கள். குளிர்காலத்துக்கு முன்பு வரை வந்துகொண்டிருந்தாராம். எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அந்த அம்மாவைப் பற்றி மெயிலில் ஒரு சொல்லும் இல்லை. டெக்னீஷியன் கேட்காமல் வந்தாரா, கேட்டுவிட்டு எனக்கு எழுதாமல் விட்டாரா என்று தெரியவில்லை. குளிர்காலத்துக்கு முன்பு வரை என்றால், அவர் ஊர் திரும்பிய சமயத்தில் அந்தப் பெரியவர் அங்கேதான் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். டீக்கடை ஓரத்தில் நான் தலையாட்டியிருந்தால் போதும்.

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்க எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டேன். படத்தில் கடைசிப் பாட்டைத் தொடங்கும் முன்பு அவர் மனைவியைப் பார்த்து ஏதோ சொல்கிறார். அந்தச் சின்னப் பகுதியை மட்டும் அனுப்பி, அது என்ன என்று கேட்டேன். பதில் அன்றைக்கே வந்தது. “பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன்.”

என் போனில் ஒரு வருஷம் அடித்த பாட்டில் அந்த வார்த்தைகள் கிடையாது. ரிங்டோன் வெட்டுகிற கடைக்காரர், “முன்னாடி ஏதோ பேச்சு வருது சார், வெச்சிக்கலாமா?” என்று கேட்டார். வெறும் பேச்சுத்தானே, எடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.